டாங்கிக்குள் பார்க்காத மீட்டர்

என் ஆசை சேவியர் அண்ணாவுக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பேப்பரில் போட ஏதாவது எழுதித் தா என்று அண்ணி கேட்டா. மாதிரிக்கு வேறொருவருடைய அஞ்சலியையும் வெட்டி வைத்திருந்தா. அதில் நட்சத்திரம், தீபம், வாடாத மலர் எல்லாம் இருந்தது. எனக்கு அப்படி எழுத வராது, உனக்கும் அது பிடிக்காது. என் மண்டைக்குள் கொஞ்ச நாளாக ஓடுவது ஒரே ஒரு சாமான்தான்: என்ஜினுக்கு எண்ணெய் போகும் ஹோஸில் பூட்டுகிற மீட்டர். அதைப் பற்றியே எழுதுகிறேன். மட்டக்குளியில் போட் வைத்திருக்கிற மற்றவர்களும் வாசித்தால் நல்லது.

முதலில் வீட்டுச் செய்தி. போட்டின் பின்னால் மாட்டுகிற உன் என்ஜின் முன்னறையில் நிற்கிறது. நீ போனதிலிருந்து அங்கேதான். மரத் தாங்கியில் ஏற்றி, பழைய பெட்ஷீட்டால் மூடி, திரு இருதயப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறா அண்ணி. வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் கதிரைக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

போட்டை இனி அன்டன் ஓட்டப்போகிறான். அண்ணியின் தம்பி, எனக்கு மச்சான், உனக்கும் மச்சான். இவ்வளவு நாளும் மற்றவர்களுடைய போட்டில் கூலிக்குப் போனான். உன் போட் கரையில் கவிழ்ந்து கிடக்கும்போது அவன் இன்னொருவன் போட்டைத் தள்ளிவிட்டு ஏறிப் போவதைப் பார்க்க அண்ணிக்கும் மனமில்லை. வீடும் அதை நம்பித்தான் ஓட வேண்டும். ஆனால் அவன் என்ஜினைத் தூக்க வந்த அன்றைக்கு அண்ணி வாசலில் நின்றுகொண்டா.

"மீட்டர் போட்டாத்தான் இது படி தாண்டும். இன்னொருத்தனை அப்பிடிக் கொண்டுவந்து கிடத்த எனக்கு ஏலாது."

பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, உனக்கு அதுதானே வேலை. நீயே பார்த்து எடு" என்றா.

அதுதான் வேலை. சோடா போத்தலில் அடைக்கிற ஃபெக்டரியில் எந்தக் குழாயில் எவ்வளவு போகிறது என்று பார்க்கிற மீட்டர்களைக் கவனிக்கிறவன் நான். வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்துகொண்டு, லீவு நாளில் பஸ் ஏறி மட்டக்குளிக்கு வருகிறவன். ஃபெக்டரியில் ஒரு மீட்டர் பிழையாகக் காட்டினால் கொஞ்சம் சோடா வீணாகும். இது அப்படியில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம்.

அண்ணி 'அப்பிடி' என்று சொன்னது எதை என்று இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன், கோபிக்காதே.

அன்றைக்கு நடுக்கடலில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலகையில் சாய்ந்தாய். கூடப் போனது நிமல் அய்யே மட்டும். வருஷக்கணக்காக உன்னோடு தொழிலுக்கு வந்த சிங்கள மனிசன்; எங்களுக்கு அவர் அய்யே, அண்ணன்; அவருக்கு அண்ணி நங்கி, தங்கச்சி; நான் மல்லி, தம்பி. அவர்தான் என்ஜினைப் பிடித்தார். டாங்கியில் அளவு காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. டாங்கியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார், லேசாக இருந்தது. கரை தூரம். நடுவில் எண்ணெய் தீர்ந்தால் உன்னையும் வைத்துக்கொண்டு அலையில் கிடக்க வேண்டும் என்று பயந்து, எண்ணெயை மிச்சம் பிடித்து, மெல்ல மெல்ல ஓட்டி வந்தார். கரைக்கு வந்தபோது உன் கை குளிர்ந்துவிட்டது.

பிறகு வலையை இறக்கும்போதுதான் கண்டோம். போட்டின் மூக்கில், ஈர வலைக்கு அடியில், ஒரு கேன். வாய் வரைக்கும் நிறைந்த மண்ணெண்ணெய்.

வேகமாக வந்திருந்தால் தப்பியிருப்பாயா? ஆஸ்பத்திரியில் கேட்டேன். "சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். அந்த 'ஏலாது' என் காதுக்குள் இன்னும் நிற்கிறது.

நீ பேசக்கூடிய நிலையில்தான் இருந்தாய், முதலில். நிமல் அய்யே உன்னிடம் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று அந்தக் கரையில் நிற்கிற எவரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் என்பது போட் ஓட்டுகிறவனுடைய விஷயம். அவனே கலப்பான், அவனே ஏற்றுவான், எங்கே வைத்தான் என்று அவனுக்கு மட்டும் தெரியும். கடலில் வைத்து 'எண்ணெய் காணுமா, போதுமா' என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் நாவூறு பட்டு உள்ள எண்ணெயும் தீர்ந்துபோகும். ஒருமுறை புதிதாக வந்த ஒருவன் கேட்டான் என்று நீ வலை போடாமலே திரும்பி வந்தாயே, அதைப் பெருமையாகவும் சொல்லித் திரிந்தாய்.

சரி. மீட்டருக்கு வருகிறேன்.

பெரிய கம்பனி ஒன்றில் போய்க் கேட்டேன். குளிரூட்டிய அறை, பளபளக்கும் புத்தகம். என்ஜினின் கம்ப்யூட்டரோடு இணைத்தால் எல்லாமே திரையில் வரும் என்றார்கள். எங்கள் என்ஜின் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது, அதில் கம்ப்யூட்டரும் இல்லை, பட்டரியும் இல்லை என்றேன். அங்கே நின்ற பெடியன் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்ப சேர், என்ஜினை மாத்தலாமே" என்றான். நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

பிறகு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய பார்ட்ஸ் குவிந்த கடை, உள்ளே ஒரு முஸ்லிம் நானா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கா? லொறிக்குப் போடுறது இரிக்கி தம்பி, ஜெனரேட்டருக்குப் போடுறது இரிக்கி. போட்டுக்கு எண்டு ஒத்தரும் வந்து கேக்கல்ல."

"கடல்ல இது தாங்குமா நானா?"

"கடல்ல நான் தாங்கமாட்டன். அத மட்டும் நிச்சயமா சொல்லலாம்."

அவரிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று, உள்ளே இரண்டு பல் சக்கரம் ஒன்றையொன்று கவ்விச் சுற்றும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு எண்ணெய் என்று அளந்து தள்ளும். எண்ணெய் தடிப்போ மெலிசோ, மெல்லப் போனாலும் வேகமாகப் போனாலும் கணக்குப் பிசகாது. மற்றது சின்ன விசிறி மாதிரி. எண்ணெய் போகும்போது சுற்றும், சுற்றுவதை எண்ணும். என்ஜின் மெல்ல ஓடும்போது விசிறி சோம்பேறியாகிவிடும், கொஞ்சம் எண்ணெய் எண்ணாமலே போய்விடும்.

எனக்குச் சரியான கணக்கு வேண்டும். பல் சக்கரத்தையே வாங்கினேன். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, உனக்கு ஏதோ பெரிய கடன் தீர்த்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அந்தத் திமிர் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான்.

பூசை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, என்ஜினை அதில் மாட்டினோம். என்ஜின் படி தாண்டக் கூடாது என்றவ, பின்பக்கம் போனால் பரவாயில்லை என்று விட்டா. நிமல் அய்யே மதிலில் சாய்ந்து நின்றார். அன்டனுக்கு வாய் சும்மா இருக்காதே.

"மச்சான், கடல் இப்ப பீப்பாய்க்குள்ள வந்திட்டுது. மீன் எப்ப வரும்?"

"வாயை மூடிக்கொண்டு கயிறை இழு."

வழமைபோல் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். இரண்டும் ஒரே ஹோஸாகச் சேர்ந்த இடத்துக்குப் பிறகு மீட்டரைப் பூட்டியிருந்தேன், இரண்டையும் எண்ண வேண்டும் என்று. எண் சரியாக ஓடியது. அளந்து ஊற்றிப் பார்த்தேன், துளி பிசகில்லை. அண்ணி குசினி ஜன்னலால் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன். நீ போன பிறகு அவ சிரித்து நான் கண்டதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் கடையில் வாங்கிய சுத்தமான எண்ணெயில் பார்த்து என்ன பயன்? போட்டில் கிடந்த உன் பழைய டாங்கியைக் கொண்டுவந்து இணைத்தேன். அடியில் துரு, மண், மீன் செதிள், என்னென்னவோ. கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு இருமியது. பிறகு நின்றுவிட்டது.

கழற்றிப் பார்த்தால் இரண்டு பல்லுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டு. சக்கரம் இறுகிவிட்டது. இறுகினால் எண்ணெய் போக வழியே இல்லை, மீட்டரே அடைப்பு.

அன்டன் பீப்பாய் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான். "இப்ப நாங்க எங்க நிக்கிறம் மச்சான்?"

நான் அந்தத் துண்டை நகத்தால் கெல்லி எடுத்தேன்.

"கரையில. அதாலதான் சிரிக்கிறன்."

அண்ணா, நான் செய்த வேலையைப் பார். உன்னைப் போல் இன்னொருவன் வரக் கூடாது என்று அண்ணி கேட்ட சாமானை, நடுக்கடலில் என்ஜினை நிறுத்துகிற சாமானாக நானே வாங்கி வந்திருந்தேன். ஃபெக்டரியில் மீட்டர் இறுகினால் லைன் நிற்கும், யாராவது எனக்குக் கோல் எடுப்பார்கள், நான் ஸ்பானரோடு போவேன். அந்தப் புத்தியோடுதான் தெரிந்தெடுத்திருக்கிறேன். சரியாக எண்ணுமா என்று மட்டும் பார்த்தேன். பழுதானால் என்ன செய்யும் என்று பார்க்கவில்லை.

திரும்பவும் பஞ்சிகாவத்தை. நானா ஒன்றும் கேட்காமல் மாற்றித் தந்தார். விசிறி மீட்டர். அது இறுகினாலும் பக்கத்தால் எண்ணெய் போகும். எண் பிழையாகும், என்ஜின் ஓடும். அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி. காட்டும் திரைக்கு மோட்டார்சைக்கிள் பட்டரி ஒன்று, தண்ணீர் படாத டப்பாவுக்குள். டாங்கியையும் கழுவினேன்.

இதோடு பயம் போயிருக்க வேண்டும். கூடியது. ஹோஸை வெட்டி நான் வைத்த ஒவ்வொரு மூட்டும் காற்று உறிஞ்சக்கூடிய ஒரு ஓட்டை. என்ஜின் எண்ணெயைத் தானே இழுத்துக் குடிக்கிறது, மூட்டு கொஞ்சம் தளர்ந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாது. ஹோஸில் எண்ணெயை ஏற்றக் கையால் பிசைகிற ரப்பர் பந்து, காற்றுப் புகாவிட்டால் கல்லுப்போல இறுகும், அப்படி இறுகுகிறதா என்று பார்த்தேன், ஒரு கிளிப்பை மாற்றினேன், திரும்பவும் பிசைந்தேன். வேலையில் நிற்கும்போது ஏதாவது ஒரு பம்பின் சத்தம் மாறினால் உடனே உன் என்ஜின் ஞாபகம். மனேஜர் இரண்டு தரம் ஏசிவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் இதுவுமில்லை.

அடுத்த ஞாயிறு எல்லாம் பூட்டி முடிந்து, என்ஜினை முன்னறைத் தாங்கியில் திரும்ப ஏற்றி, பட்டரியை இணைத்தேன். திரையில் வெளிச்சம் வந்தது. வந்தவுடன் அது கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு நிரப்பினாய் என்பது. அதை அடித்தால்தான் மேலே போகும். போகப்போக அந்த எண்ணிலிருந்து கழித்துக் கழித்துக் காட்டும்.

"அன்டன், நாளைக்கு எவ்வளவு ஏத்தப்போறாய்?"

அவன் வாசலுக்கு வெளியே பார்த்தான். "ஏத்துவன்."

"எவ்வளவு?"

"ஏத்துவன் எண்டா ஏத்துவன்டா. உனக்கென்ன அது?"

"எனக்கில்ல. மீட்டருக்குச் சொல்லோணும்."

"அப்ப மீட்டர் கேக்குதா? நல்லாயிருக்கு. மனிசன் கேட்டாலே விளங்காது, நீ கேக்கிறதுக்கெண்டே மிஷினை வாங்கிப் பூட்டியிருக்கிறாய். ஏதாவது ஒண்டை அடிச்சு விடு."

ஏதாவது ஒன்று!

அப்போதுதான் உறைத்தது. என்ன மடையன் நான்? இதைப் படித்தவன், இதில் சம்பளம் வாங்குகிறவன், ஒரு வருஷமாக உன் சாவையே யோசித்தவன். இந்த மீட்டர் டாங்கிக்குள் எட்டிப் பார்க்காது. மூக்கில் கேன் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஓட்டுகிறவன் சொன்னதை நம்பும், அதிலிருந்து கழிக்கும், அவ்வளவுதான் அதன் புத்தி.

அன்றைக்கு இது உன் போட்டில் இருந்திருந்தால்? நீ அந்தக் கேனை அதற்குச் சொல்லியிருப்பாயா? மாட்டாய். டாங்கியை மட்டும் அடித்திருப்பாய், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததை. நீ சாய்ந்த நேரம் நிமல் அய்யே திரையைப் பார்த்திருப்பார். கொஞ்சம்தான் இருக்கிறது என்று அது வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கும். அவர் இன்னும் மெல்லத்தான் வந்திருப்பார், அண்ணா. இன்னும் மெல்ல.

எனக்கு எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாது. நேரே குசினிக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். "அண்ணி, இந்த மீட்டர் அண்ணாவைக் காப்பாத்தியிருக்காது."

அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நின்றது. நான் காரணத்தைச் சொன்னேன், கேனையும் சொன்னேன், அன்டன் முன்னறையில் சொன்னதையும் சொன்னேன். ஜன்னல் திறந்திருந்ததால் நிமல் அய்யேக்கும் கேட்டது. அவருக்குத் தமிழ் முழுக்க விளங்கும், கதைக்கத்தான் கொஞ்சம் கஷ்டம்.

அவர் வாசலில் வந்து நின்றார். "நங்கி, அண்டைக்கு நான் கேட்டிருந்தா..." என்றார் அண்ணியிடம்.

அண்ணி கையைக் கழுவினா. மெதுவாகத் துடைத்தா. "நீங்க கேட்டிருந்தாலும் அந்த மனிசன் சொல்லியிருக்குமோ தெரியாது, அய்யே. என்னட்டயே ஒண்டும் சொல்லாதே. நெஞ்சு நோகுதெண்டு எத்தனை நாளா வைச்சுக்கொண்டிருந்ததோ, அதை ஆர் கண்டது?"

பிறகு அவ முன்னறை வழியாகப் போய் வாசலில் நின்றா. அன்டனைக் கூப்பிட்டா.

"எத்தனை கேன்? எங்க எங்க வைக்கப்போறாய்? எனக்குச் சொல்ல வேணாம், அய்யேக்குச் சொல்லு. சொல்லிட்டு என்ஜினைத் தூக்கு."

"அக்கா, அப்பிடிச் சொல்ற பழக்கம் ஒருத்தரிட்டயும் இல்ல. கரையில என்னைப் பாத்துச் சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். செத்தவீட்டுக்கு வந்து அழுதவங்கள்தானே, இப்ப கொஞ்சம் சிரிக்கட்டும்."

அவனுடைய காது சிவந்துவிட்டது. என்னைப் பார்த்தான், நான் வேண்டுமென்றே ஹோஸைப் பார்த்தேன். கடைசியில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, குருவிடம் பாவசங்கீர்த்தனம் சொல்கிறவன் மாதிரி வாய்க்குள்ளே சொன்னான். டாங்கி நிறைய. கேன் ரெண்டு. ஒண்டு மூக்கில, ஒண்டு பின்பலகைக்குக் கீழ.

நிமல் அய்யே சிங்களத்தில் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எகக் இஸ்ஸரஹ. எகக் பிட்டிபஸ்ஸே." சொல்லும்போது கையால் முன்னுக்கும் பின்னுக்கும் காட்டினார். நான் எண்ணை அடித்தேன். அண்ணி வழி விட்டா.

அது நேற்று. இன்றைக்கு விடிய அவர்கள் போனார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கரையில், கவிழ்த்துப் போட்ட ஒரு போட்டின் நிழலில் இருந்து இதை எழுதுகிறேன். மத்தியானத்துக்குப் பிறகு காற்று கொஞ்சம் எழும்பியிருக்கிறது. ஆற்றுவாயில் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. பின் கிளிப்பை இறுக்கினேனா? இறுக்கினேன். முன் கிளிப்பை? பட்டரி டப்பாவின் மூடியில் உப்புத் தண்ணீர் போனால்? அன்டன் சொன்னது உண்மையாக இரண்டு கேன்தானா, இல்லை அக்காவின் வாயை அடைக்கச் சொன்னானா? இந்தக் கேள்விக்கு உலகத்தில் மீட்டர் இல்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன், ஃபோன் அடித்தது. நிமல் அய்யே. காற்றில் பாதிதான் கேட்டது.

"மல்லி, மீட்டர் வேலை இல்ல. ஒண்டும் காட்டுறது இல்ல."

நான் எழும்பிவிட்டேன். "என்ஜின், அய்யே? என்ஜின்?"

"என்ஜின் ஓடுது. அலை பெரிசு, அதுதான் நேரத்தோட வாறது."

"எண்ணெய்?"

"அது எனக்குத் தெரியும்தானே!" என்றார், ஏதோ நான் கேட்கத் தேவையில்லாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அவருக்குப் பின்னால் உன் என்ஜின் கேட்டது, அண்ணா. மிச்சம் பிடித்து ஓட்டுகிற சத்தமில்லை. முழு வேகத்தில் ஓட்டுகிற சத்தம்.

இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. வந்து இறங்கும் வரைக்கும் இந்தப் பயம் போகாது, நாளைக்குத் திரும்பவும் வரும். மீட்டரைக் கழற்றி எங்கே உப்புப் பிடித்தது என்று பார்த்துத் திரும்பவும் பூட்டுவேன். அது பெரிய வேலையில்லை. உனக்கு நான் தருகிற வாக்கு வேறு. நான் கரையில் நிற்கிற ஒவ்வொரு நாளும், போட் தள்ளுவதற்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அன்டனிடம் எண்ணெயைக் கேட்பேன். பக்கத்துப் போட்டுக்காரனிடமும் கேட்பேன். ஏசட்டும், அடிக்க வரட்டும். உன்னிடம் ஒருவரும் கேட்காமல் விட்டது போதும்.

உன்னிடம் எதைக் கேட்கவும் பயந்தே வளர்ந்த
உன் ஒரே தம்பி,
டெனிஸ்